ஐந்தாம் முனையில் பூஜ்யம்

மார்ச் 3, ஞாயிறு

ஏரியில் பறவை எண்ணப் போய்விட்டு வந்தேன். மகள் வேறு ஊரில் இருந்துகொண்டே என் பேரைக் கொடுத்துவிட்டாள். எண்ணும் இடங்களில் எனக்கு விழுந்தது ஐந்தாம் முனை, வெறும் நாணல் புதர். எங்களுக்கெல்லாம் தலைவர் ஓய்வு பெற்ற விலங்கியல் டீச்சர். எண்ணிக்கை எழுதும் அட்டையைக் கொடுத்துச் சொன்னார்: “இருபது நிமிஷம் உட்கார்ந்து பாருங்க. பார்த்தும் ஒண்ணுமில்லன்னா பூஜ்யம். பார்க்கலன்னா கோடு, பக்கத்துல காரணம்.”

மூன்று நிமிடம் நின்றேன். கோடு போட்டால் காரணம் எழுத வேண்டும். என்னத்தை எழுத? பூஜ்யம் போட்டேன். எட்டு மணிக்கெல்லாம் திரும்பப் படுத்துவிட்டேன்.

மார்ச் 6

மகள் பேசினாள். “எப்படிப்பா இருக்கீங்க?” “எனக்கென்ன, நல்லாயிருக்கேன்.” “சாப்பிட்டீங்களா?” “ஆச்சு.” சாப்பிடவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

டீக்கடை பெஞ்சிலேயே அட்டையை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். பூஜ்யம்.

மார்ச் 13

என் மனைவி இறந்து ஐந்து மாதம். அவள் செருப்பு வாசலிலேயே கிடக்கிறது. எடுக்கவும் தோன்றவில்லை, அழவும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறது மனசு.

மார்ச் 17, ஞாயிறு

மூன்றாவது பூஜ்யம். டீச்சர் வாங்கிப் பார்த்தார். “உங்க அட்டையை வெச்சு, ஐந்தாம் முனையில கூடே இல்லன்னு அதிகாரிக்கு எழுதிக் கொடுத்துட்டேன். படகுத்துறை கட்டப்போறாங்களாம், புதன்கிழமை மெஷின் வந்து நாணலை வெட்டுது. எனக்கு மனசே இல்ல. ஆனா நீங்க நில அளவை ஆபீஸ்ல இருந்தவரு, சரியாத்தான் பார்த்திருப்பீங்க.”

தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

மார்ச் 19, செவ்வாய்

இருப்புக் கொள்ளவில்லை. போய் உட்கார்ந்தேன். தண்ணீரில் அழுகிய பாசிக் குவியல்கள், குப்பை. பன்னிரண்டாவது நிமிடம் ஒரு முக்குளிப்பான் ஒரு குவியலில் ஏறி, ஈரப் பாசியை அலகால் விலக்கியது. அடியில் நாலு முட்டை! இரை தேடப் போகும்போது மூடிவைத்துவிட்டுப் போகிறது. நான் குப்பை என்று நினைத்ததெல்லாம் கூடு. மொத்தம் ஆறு. அடப்பாவி — நில அளவையாம், மண்ணாங்கட்டியாம்!

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால்? டீச்சருக்குப் போன் செய்தேன்.

“மூணு வாரமும் பார்க்கலையா?”

“பார்க்கல டீச்சர். சும்மா போட்டேன்.”

“காலையில ஆறு மணிக்கு வாங்க. இதை உங்க கையால எழுதிக் கொடுங்க.”

மார்ச் 20

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது அதிகாரி மேசைக்குப் போய்த் திரும்புவதற்குள் மெஷின் இறங்கிவிட்டது. நிறுத்தும்போது நாலு கூடு மிச்சம். இரண்டு போச்சு. கூடு இருந்த இடத்தையே ஒரு பறவை சுற்றிச் சுற்றி வந்தது. முழுகும், எழும், மறுபடி முழுகும். இருபது நிமிடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னால்தான்.

மார்ச் 24, ஞாயிறு

எண்ணுவதற்கு என்னை விடவில்லை. ஏரி வாசலில் பைனாகுலர் கொடுத்து வாங்கும் வேலை. நியாயம்தான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஐந்தாம் முனையில் குஞ்சு பொரித்துவிட்டது. “போய்ப் பாருங்க, அட்டை வேண்டாம்” என்றார் டீச்சர். அவ்வளவுதான் பேச்சு. போனேன். ஒன்பது. மூன்று, தாயின் முதுகில் சவாரி.

சாயங்காலம் மகள். “எப்படிப்பா இருக்கீங்க?”

“எனக்கென்ன” என்று வாய் ஆரம்பித்துவிட்டது. நிறுத்தினேன்.

“நல்லா இல்லம்மா. அம்மா செருப்பு இன்னும் வாசல்லயே கிடக்கு. என்னால எடுக்க முடியல.”

“நான் வரேன்ப்பா. ரெண்டு பேருமா எடுப்போம்.”

வெள்ளிக்கிழமை வருகிறாள். வீட்டைப் பெருக்க வேண்டும்.