கட்டிலுக்கு அடியில் கியர்பாக்ஸ்

மார்ச் 3, ஞாயிறு

மகள் பெட்டியோடு வந்து மூன்று நாள் ஆகிறது. இன்றுதான் காரணத்தைச் சொன்னாள். புருஷனோடு சண்டை இல்லை. மாமியார் தங்கம். பிரச்சினை, கட்டிலுக்கு அடியில் கியர்பாக்ஸ்.

“என்னது?”

“கியர்பாக்ஸ்ப்பா. மாமா கொண்டாந்து வச்சிருக்காரு. போன மாசம் பீரோ மேல ரெண்டு ஹார்ன் வச்சாரு, பொறுத்துக்கிட்டேன். இப்ப திரும்பிப் படுத்தா கிரீஸ் வாசனை வருது.”

சிரிப்பு வந்துவிட்டது. மனைவி முறைத்தாள். அடக்கிக்கொண்டேன்.

சம்பந்தியிடமும் என்னிடமும் ஒரே மாடல் பழைய கார் இருக்கிறது. இரண்டுமே ஓடாது. காயலான் கடையில் பார்த்துப் பார்த்துப் பழகி, அந்தப் பழக்கத்தில் பேசி முடித்த கல்யாணம் இது. பையனுக்கும் பெண்ணுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போனது கூடுதல் லாபம். மாப்பிள்ளை நல்லவர்தான். அப்பா முன்னால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

“அந்த ரூம்ல என்னைக்கு இரும்பு இல்லையோ அன்னைக்குத்தான் போவேன்” என்கிறாள். நியாயம்தானே? கட்டிலுக்கு அடியில் வெறும் தரையில் கியர்பாக்ஸை வைப்பாரா ஒரு மனுஷர்? பலகை போட்டு, துணி சுற்றி அல்லவா வைக்க வேண்டும்.

மார்ச் 5, செவ்வாய்

என் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஒருவருக்குப் பார்வை சோதித்துக்கொண்டிருந்தேன். கடைசி வரியைப் படிக்கச் சொல்லிவிட்டு ஃபோனை எடுத்தால், காயலான் கடைக்காரர். எங்கள் மாடல் வண்டி ஒன்று வந்திருக்கிறதாம். முன் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லையாம். என் வண்டியின் முன் கண்ணாடி விரிசல் விட்டு எட்டு வருஷம் ஆகிறது. எதிரே இருந்தவர் என்ன படித்தாரோ, எதுவும் என் காதில் விழவில்லை.

“மாசக் கடைசியில நசுக்கற மெஷின் வருது. அதுக்குள்ள வேணுங்கறதக் கழட்டிக்குங்க. உங்க சம்பந்திக்கும் சொல்லிட்டேன்.”

அங்கே ஒரே சட்டம்தான்: கழட்டினவருக்கே சாமான். வாயால் சொல்லி வைப்பது, துண்டு போட்டு வைப்பது எதுவும் செல்லாது.

சாப்பிடும்போது மனைவியிடம் பொறுமையாக விளக்கினேன். அந்த வண்டியிலிருந்து சம்பந்தி எதைக் கழட்டினாலும் அது நம் பெண்ணின் அறைக்குத்தான் போய்ச் சேரும். ஆகவே அவருக்கு முன்னால் நான் கழட்டிவிட வேண்டும். இது தகப்பன் கடமை.

“ஓ, பொண்ணுக்காக” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

மார்ச் 6, புதன்

கேட் திறக்கும் நேரத்துக்கே போனேன். சம்பந்தி ஏற்கனவே வண்டிக்கு அடியில். பேக்கரிக்காரர். ஊர் எழுந்திருக்கும் முன் ரொட்டி போட்டு முடித்துவிடுகிறவரோடு நான் எங்கே போட்டி போடுவது?

இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. சம்பந்தியின் காலைப் பார்த்து வணக்கம் சொல்வது மரியாதையா, அவமரியாதையா? ஒன்றும் புரியாமல் நானும் பாதி படுத்தேன்.

“சம்பந்தி, சௌக்கியமா?”

“அடடே, வாங்க வாங்க! வீட்ல எல்லாரும் சௌக்கியமா? உக்காருங்க.”

காருக்கு அடியில் எங்கே உட்காருவது! மகளைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ‘எல்லாரும்’ என்றதில் அவளும் அடக்கம் போலிருக்கிறது.

இடது ஹெட்லைட்டைக் கழட்டிப் பத்திரமாக ரொட்டிக் கூடையில் வைத்திருந்தார். எனக்கு ஹெட்லைட் தேவையே இல்லை. வலதைக் கழட்டினேன். ஏன்? தெரியவில்லை. கழட்டும்போது சுகமாக இருந்தது.

“உங்ககிட்ட ஒன்னு, எங்ககிட்ட ஒன்னு” என்றார் சிரித்துக்கொண்டே. சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

மார்ச் 9, சனி

கார்பரேட்டர் எனக்கு. டைனமோ அவருக்கு. என் கட்டைவிரல் நகம் அந்த வண்டிக்கு.

மார்ச் 10, ஞாயிறு

நான் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருக்கும் போல்ட்டை, மாவு பிசைந்த கையால் ஒரே முறுக்கில் எடுத்துவிடுகிறார். ஆனால் டேஷ்போர்டு மீட்டரின் பொடி ஸ்க்ரூவுக்கு என்னைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. கண்ணாடிக் காம்பு மாட்டுகிற கை இது. ஸ்க்ரூவை எடுத்தேன். கழட்டினவருக்கே சாமான் என்று மீட்டரையும் எடுத்துக்கொண்டேன். முகம் சுண்டிவிட்டது அவருக்கு.

ஷெட்டில் இடம் இல்லை. கார்பரேட்டரையும் மீட்டரையும் கொஞ்சம் சில்லறைச் சாமானையும் மகள் அறைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். தற்காலிகமாகத்தான். சாக்கு போட்டு மூடியிருக்கிறேன். யாருக்கும் தெரியாது.

மார்ச் 11, திங்கள்

தெரிந்துவிட்டது.

மகள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சாக்கைத் தூக்கிப் பார்த்தாள், பழையபடி மூடினாள்.

“அங்க கட்டிலுக்கு அடியில. இங்க கதவுக்குப் பின்னாடி. நான் எங்கதான்ப்பா போறது?”

தலையணையை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் படுக்கப் போய்விட்டாள். நான் ஹாலில் படுத்தேன். சீ. என்ன ஆளுடா நீ? பெண்ணுக்காகன்னு சொல்லிக்கிட்டே பெண்ணோட ரூம்லயே கொண்டு வச்சியே. சம்பந்தி செஞ்சா அநியாயம், நீ செஞ்சா தற்காலிகமா?

மனைவி விளக்கை அணைக்கும்போது சொன்னாள்: “மாப்பிள்ளை தினமும் ஃபோன் பண்றாரு. எப்ப வர்றேன்னு கேக்கறதையே நிறுத்திட்டாராம். சாப்பிட்டியான்னு மட்டும் கேக்கறாராம்.”

அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 16, சனி

முன் கண்ணாடி.

அதை ஒருவராகக் கழட்டவே முடியாது. உள்ளே ஒருவர் மல்லாந்து படுத்துக் காலால் தள்ள வேண்டும். வெளியே ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். இத்தனை நாளும் இரண்டு பேரும் அதை மட்டும் தொடாமல் மற்றதையெல்லாம் கழட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். உதவிக்குக் கூப்பிட்டால் பங்கு கேட்பாரே.

இன்று வேறு எதுவும் மிச்சமில்லை. அவர் உள்ளே போனார். நான் பானெட் மேல் குப்புறப் படுத்து, ரப்பரில் சோப்புத் தண்ணீர் விட்டு நெம்பிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய இரண்டு பாதங்கள், அதற்குப் பின்னால் முகம். அப்படி இருக்கும்போதுதான் கேட்டார்.

“மருமக எப்படி இருக்கு?”

“இருக்கா.”

“எங்க வீட்ல யாரும் எங்கூடப் பேசறதில்ல. பையன் மட்டும் பேசறான். ‘உப்பை இப்படித் தள்ளுங்க’ன்னு.”

“அந்த கியர்பாக்ஸை எடுத்துடலாமே சம்பந்தி?”

“எடுத்து எங்க வைக்கிறது? பேக்கரியிலயா? கண்ணாடி, கார்பரேட்டர், மீட்டர் மூணும் கிடைச்சா மொத்தத்தையும் ஒரே தடவையா மாட்டிடலாம்னுதான் சேத்து வச்சேன். சேத்துக்கிட்டே இருக்கேன்.”

நானும் என் வீட்டுக் கதவுப் பின்னால் கதையைச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு, “பாவம், எங்க போகும் அது?” என்றார். மகள் கேட்டதையே அவரும் கேட்டார்.

அப்போது கண்ணாடி சட்டென்று பிதுங்கி வந்தது. நான் தாங்கினேன். அவர் பாய்ந்து வந்து மறுமுனையைப் பிடித்தார். உடையவில்லை. இனி யாருக்கு?

“நீங்க எடுத்துக்கங்க சம்பந்தி.”

“சேச்சே, நீங்க எடுத்துக்கங்க. பெண் வீட்டுக்காரங்க.”

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இருக்கும்போது நாங்க எடுக்கலாமா?”

மரியாதை வழிந்தது. கையை மட்டும் யாரும் விடவில்லை. “சீக்கிரம் பேசி முடிங்க, எடை போடணும்” என்று காயலான் கடைக்காரர் கத்தினார்.

எட்டு வருஷம் காத்திருந்தேன் அந்தக் கண்ணாடிக்கு. விரலை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடிந்தது. ஆனால் விட்டேன். அவர் வண்டி முழுசானால் அந்த அறையில் இருப்பதெல்லாம் வண்டிக்குள் போய்விடும். இரும்பை அப்புறப்படுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை.

“கார்பரேட்டரும் மீட்டரும் நாளைக்குக் கொண்டாந்து தர்றேன்” என்றேன். “அந்த ஹெட்லைட்டும்.”

அவர் நம்பவில்லை. நானே நம்பவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

கொடுத்துவிட்டேன். வரும்போது பஸ்ஸில் மடி காலியாக இருந்தது. அழுகை வருகிற மாதிரி இருந்தது. வயசுக்கு இது தேவையா?

ஏப்ரல் 14, ஞாயிறு

நாலு ஞாயிறாக அவர் வீட்டில் வேலை. கியர்பாக்ஸ் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது மாப்பிள்ளைதான் முதல் ஆளாகப் பிடித்துத் தூக்கினார். இவ்வளவு பலம் இருக்கிறதா இவரிடம்!

இன்று மாலை வண்டி உறுமியது. புகை தெரு முழுக்க. சம்பந்தி என்னைக் கட்டிப்பிடித்தார். சட்டையில் கிரீஸ், கோதுமை மாவு இரண்டும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

காரிலேயே வந்து இறங்கினார்கள் மூன்று பேரும். சம்பந்தி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறிவித்தார்: “ரூம் சுத்தமா காலிம்மா. ஒரு நட்டு கூட இல்ல. வா, போலாம்.”

மகள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். வாயில் கொழுக்கட்டை வைத்திருப்பவர் என்று எழுதினேனே, அவர் பேசினார்.

“வீடு பாத்துட்டோம்ப்பா. அடுத்த வாரம் போறோம்.”

சம்பந்தி மெதுவாக, “எங்கே? எப்படிப்பட்ட வீடு?” என்றார்.

“சின்ன வீடுதான் மாமா” என்றாள் மகள். “மூணாவது மாடி. லிஃப்ட் இல்ல. அதுக்காகவே எடுத்தோம்.”

என் மனைவியும் சம்பந்தியம்மாவும் சிரித்த சிரிப்பு! இரண்டு பேருக்கும் முன்பே தெரியும் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

ஏப்ரல் 28, ஞாயிறு

வீடு மாற்றியாயிற்று. எல்லாச் சாமானும் அந்தக் காரில்தான் போயின, ஆறு நடை. மூன்று மாடி ஏறியதில் முழங்கால் விண்விண்ணென்று வலிக்கிறது. வாசலில் என் பையையும் சம்பந்தி பையையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் மகள் உள்ளே விட்டாள்.

மே 2, வியாழன்

மகளின் அறை காலி. மனைவியே இன்று, “ஷெட்ல கிடக்கறத வேணும்னா அங்க வச்சுக்குங்க, துரு பிடிக்காது” என்றாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வரம் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு ஹப் கேப்பை எடுத்துக்கொண்டு போய் அறை வாசலில் நின்றேன். உள்ளே வைக்க மனம் வரவில்லை. ஷெட்டிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் சம்பந்தி ஃபோன் செய்தார். வெயிலைப் பற்றிப் பேசினார், மைதா பற்றிப் பேசினார். பிறகு,

“அந்த ரூம்ல என்ன வச்சிருக்கீங்க?”

“ஒன்னும் வைக்கல. நீங்க?”

“நானும் ஒன்னும் வைக்கல.”

இரண்டு பேரும் ஃபோனை வைக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை காயலான் கடைப் பக்கம் வர்றீங்களா சம்பந்தி? எதுவும் எடுக்க வேணாம். சும்மா பாத்துட்டு வரலாம்.”

“வர்றேன். வெறுங்கையோட வர்றேன்” என்றேன்.

திரும்பிப் பார்த்தால், மனைவி ஸ்பேனர் பையைத் தூசி தட்டி வாசல் பக்கம் வைத்துக்கொண்டிருந்தாள்.