நாவலுக்கு நீ சொன்ன தீர்ப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்புவதைத் தவிர இங்கிருந்து வேறென்ன செய்ய.

போன வாரம் போனில், "நான் சொன்ன தீர்ப்பு சரிதானேம்மா?" என்று கேட்டாய். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன், சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். நீ பாடம் நடத்தும் அந்த நாவலை வாங்கிப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நல்ல கதை. சைக்கிளில் சேர்ந்தே பள்ளிக்கூடம் போகும் இரண்டு சிநேகிதிகள், அதில் நெட்டைப்பெண் ஒரு புதுக் கூட்டத்தில் இடம்பிடிக்க, தன் தோழியின் வீட்டு ரகசியத்தை அவர்களிடம் சொல்லிவிடுகிறாள். உன் அப்பாவும் படித்தார். நெட்டைப்பெண்ணுக்காக நான் ஒரு வார்த்தை பேசப்போக, இரண்டு நாளாகக் காபி வாங்கும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அறுபது தாண்டியவருக்கே இப்படி. நீயோ எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கட்சி பிரித்து உட்காரவைத்து, நீதிபதி மாதிரி மேஜையைத் தட்டி, துரோகம்தான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாய், வகுப்பே கைதட்டியது என்று பெருமை வேறு.

அதே மூச்சில், கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி மட்டும் எழுந்து, "அவளுக்குப் பேச வேற ஆளே இல்ல மிஸ், அதான் சொல்லிட்டா" என்று வாதாடினாள், மறுநாளிலிருந்து வயிற்றுவலி என்று வரவில்லை, பக்கத்தில் உட்காருகிறவளும் இடம் மாறிவிட்டாள் என்கிறாய். சொல்லிவிட்டு, அடுத்த அத்தியாயத்துக்குப் பாடக்குறிப்பு எப்படி எழுதுவது என்று என்னிடமே கேட்கிறாய். தலையில் அடித்துக்கொண்டேன். அம்மாடி, அவள் கதையில் வரும் பெண்ணுக்காகவா வாதாடினாள்? யாருடைய ரகசியத்தை யாரிடம் சொன்னாளோ எனக்குத் தெரியாது, இடம் மாறிய பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகளுக்குக் கதை கொடுப்பது, தங்களுடையதைச் சொல்ல ஒரு மறைவு கிடைக்கட்டும் என்றுதான். அவள் அதன் பின்னால் நின்று மெல்ல வாய் திறந்தாள், வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்துவிட்டாயே.

உன் அப்பாவும் எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியனும் ஏணிக்காகச் சண்டை போட்டார்களே, யார்மேல் தப்பு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருவரும் பதில் தயாரித்திருப்பார்கள், பதில் தயாரித்தவர்கள் ராசியாவது கஷ்டம். ஏணி சும்மா சுவரோரம் நின்றது, மழை வந்ததும் இரண்டு பேருமாக அதைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். பாடம் முடியவில்லை, தலைமையாசிரியை கேட்கிறார் என்று நீ சொல்வாய். நாவல் எங்கேயும் ஓடிப்போகாது. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடமே வேண்டாமென்று நின்றுவிட்டால் யார் பொறுப்பு?

திட்டுகிற வாய்தான் வாழ்த்தவும் செய்கிறது, குறைவில்லாமல் இரு. தொண்டைக்கு வெந்நீர் குடி, கத்திப் பாடம் நடத்தாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய், "நீ சொன்னத நான் சரியா கேக்கல, இன்னொரு தடவ சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் உட்கார்.

உன் அம்மா