ஜெஸ்ஸி வீட்டுச் சாப்பாடு

கோவளம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சுஜாதாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நான் போனில் யாரிடம் பேசினாலும், தனக்கு எதிராகத்தான் ஏதோ பேசுகிறேன் என்று உன் அப்பா நினைக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். உன் தம்பி கார்த்தியிடம் கொடுத்து கூரியரில் அனுப்பச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு நெஞ்சில் போட்ட தையல் ஆறிவிட்டது. காலில் ரத்தக்குழாய் எடுத்த இடத்தில் இன்னும் நீர் கசிகிறது. இதயத்துடிப்பு சீராக இல்லையென்று ஒரு மாத்திரை கூட்டியிருக்கிறார்கள். பைபாஸ் நல்லபடியாக முடிந்தது என்று நீ எல்லோரிடமும் சொல்கிறாயாம். சொல்லிக்கொள்.

ஐ.சி.யூ.வில் நடந்ததைக் கார்த்தி உன்னிடம் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டான். குழாய்களைப் பிடுங்குகிறார் என்று அப்பாவின் கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நான் ஸ்பூனில் கஞ்சி எடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நர்ஸைக் கூப்பிட்டு, "இவள வெளிய அனுப்பும்மா. இவ எனக்கு வெசம் வெக்கிறா" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வயதானவர்களுக்கு இந்த ஆபரேஷனுக்குப் பிறகு புத்தி தடுமாறுவது உண்டு, பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும், சிலருக்கு மாதக்கணக்காகும் என்று டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்.

தெளிந்துதான் வீட்டுக்கு வந்தார். கூட பஸ் ஓட்டியவர்கள் பார்க்க வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், பேப்பர் படிக்கிறார், உன் பிள்ளைகளை விசாரிக்கிறார். நான் கொடுப்பதுதான் ஆகவில்லை. மாத்திரையைக்கூட அட்டையோடு வாங்கி, கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தானே பிரித்துப் போட்டுக்கொள்கிறார். "அது ஆபரேஷனால வந்த கோளாறும்மா, மனசுல வெச்சிக்காத" என்கிறான் கார்த்தி. நீ போனில் கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொன்னாய். கல்யாணமானதிலிருந்து வேறென்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று கேட்க வாய்வரை வந்தது. அவர் பக்கத்தில் இருந்ததால் போனை வைத்துவிட்டேன்.

என் சோறு வேண்டாமென்று பஸ் ஸ்டாப் கடைக்குப் போய் வடையும் பரோட்டாவும் தின்றார். உப்பு ஏறிக் கால் வீங்கி, மூச்சு முட்டி, மறுபடியும் ஆஸ்பத்திரி. உப்பைக் குறைத்துச் சமைத்துக் கொடுக்க வீட்டில் ஆள் இல்லையா என்று அந்த டாக்டரே என்னைப் பார்த்துக் கேட்டார்.

பக்கத்து வீட்டு ஜெஸ்ஸியிடம் போய் அழுதேன். நல்ல பெண். இப்போது நான் சமைத்துப் பின்வாசல் வழியாகக் கொடுக்கிறேன். அவள் தன் வீட்டுப் பாத்திரத்தில் மாற்றி, முன்வாசல் வழியாகக் கொண்டுவருகிறாள். தன் மாமனாருக்கும் இப்படி உப்பில்லாமல்தான் செய்வதாக ஒரு பொய். அப்பா தட்டை வழித்துச் சாப்பிடுகிறார். உடம்பும் தேறிவருகிறது.

நேற்று சங்கரா மீன் குழம்பு. சாப்பிட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அந்தப் பொண்ணு கைல இன்னா ருசி தெரியுமா? நீயும் இத்தினி வருசமா ஆக்கிகினுதான் கீற."

ஜெஸ்ஸிக்கு முகம் செத்துப்போனது. நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். விஷம் வைப்பதாகச் சொன்னதை நோய் என்று தள்ளிவிடலாம். இதை எந்த நோயில் சேர்ப்பது?

லீவில் வருவதாகச் சொன்னாய். வா. ஜெஸ்ஸி கொண்டுவருவதை அப்பாவோடு உட்கார்ந்து நீயும் சாப்பிடுவாய். ஒரு வாய் வைத்ததுமே உனக்குத் தெரிந்துவிடும். வாய் தவறி, அம்மா சமையல் மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே தாயே. அதையும் நிறுத்திவிடுவார்.

நீயும் உன் பிள்ளைகளும் வயிறு நிறைந்து நன்றாக இருங்கள்.

உன் அம்மா,
முனியம்மா.