நான்காவது கம்பம்

அன்புள்ள வாயாடிக்கு அப்பா எழுதுவது. நானும், துணைக்கு வந்து தங்கியிருக்கும் உன் சித்தியும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம்தான் என்று நீ வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை சொல்லித் தெரிந்துகொண்டேன். ஒன்றரை மாதமாக நீ என் ஃபோனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். விமானியிடமே கொடுத்தனுப்புகிறேன், ஐம்பது நிமிடத்தில் உன் ஊருக்கு வந்துவிடும். முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் மலையைச் சுற்றி பஸ்ஸில் வந்தால் முழுசாக இரண்டு நாள். உன் அம்மா பஸ் கணக்கை ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. என் பொண்ணு ஐம்பது நிமிஷ தூரத்துலதான் இருக்கா என்று பால்காரர் வரைக்கும் பீற்றிக்கொள்வாள்.

அன்றைக்கு நடந்ததை நீ என் வாயால் கேட்கவில்லை. காலையிலேயே அம்மாவுக்கு மூச்சு வாங்கியது, டாக்டர் கைவிரித்துவிட்டார். நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்றேன். விமானத்தளத்தில் என்னோடு வானிலை பார்ப்பவர் அன்று லீவு. நீங்களும் போகலைன்னா அவ பிளேனை யாரு எறக்குவாங்க என்று என்னை விரட்டியதே அவள்தான். நீ அங்கே ஏறும்போது இங்கே நல்ல வெயில். நாற்பதாவது நிமிடத்தில் பனி மூடிக்கொண்டது. ஓடுபாதை ஓரத்து ஆறு வெள்ளைக் கம்பங்களில் நான்காவது கண்ணுக்குத் தெரிந்தால்தான் இறங்கலாம் என்று நான் வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டுதான் தெரிந்தது. விமானி மேலே வட்டமடித்தபடி இரண்டு தடவை கேட்டார். உள்ளே உன்னோடு பத்துப் பேர். எறங்க வேண்டாம், திரும்பிப் போங்க என்று சொன்னது நான்தான். நீ பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. உங்களுக்கு மனசே இல்லையாப்பா என்று வாசலில் நின்றபடி கேட்டுவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டாய். மனசு இருந்ததம்மா. வேறு வீட்டுப் பெண் என்றால் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பேன், உனக்காக அந்தக் கம்பத்தை ஐந்து தடவை பார்த்தேன்.

இன்னொன்று, சித்திக்குக்கூடத் தெரியாதது. உன் விமானத்தின் சத்தம் ஓய்ந்ததும் வீட்டுக்கு ஓடினேன். சித்தி வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போயிருந்தாள். கூரைக்கு மேலே சத்தம் கேட்டதில் அம்மா முகமே மாறியிருந்தது, வந்துட்டாளா என்றாள். இருபத்தாறு வருஷமாக வானிலைக் குறிப்பேட்டில் ஒரு பொய் எழுதாதவன், எறங்கிட்டா, பெட்டிக்காக நிக்கிறா என்று சொல்லிவிட்டேன். அப்போ கதவைத் தெறந்து வைங்க என்றாள். திறந்து வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டு கால் மணி நேரத்தில் போய்விட்டாள். சொன்னது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நீ என்னை மன்னிக்க வேண்டாம். ஒருநாள் பெட்டியோடு வந்து அந்தக் கதவு வழியாக உள்ளே நுழைந்தால் போதும். அவளிடம் சொன்னது அப்போதாவது மெய்யாகட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு, குரலை உயர்த்திப் பாடம் நடத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே. விமானம் ஏறும்போது காதில் பஞ்சு வைக்க மறக்காதே, உனக்குக் காது வலிக்கும். நீ எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

உன் அப்பா

பி.கு.: இன்று காலையில் ஆறு கம்பமும் தெரிந்தன.