சீமைத் தோலும் எலி நிறத் துணியும்

நாகர்கோவில்,
10-1-1937

அன்புள்ள மகன் ரசலையனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவால் இங்கே எல்லாரும் உடம்புக்குச் சுகமாக இருக்கிறோம், புத்திக்கு எப்படி என்பதை இதைப் படித்த பிறகு நீயே சொல். நீயும் ஞானபாயும் கொழும்பில் நலமாக இருப்பதாகவும், அவளுக்கு இது ஐந்தாம் மாதம் என்றும், தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருவது முறையாகையால் பங்குனியில் அவளைக் கூட்டிக்கொண்டு தூத்துக்குடியில் கப்பல் இறங்குவதாகவும் எழுதியிருந்தாய், படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், சந்தோஷத்தில்தான். கல்யாணம் முடிந்து இரண்டு வருஷமாகியும் என் மருமகளை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அவளை நம் வீட்டுக்கும் கூட்டி வரலாமா, வந்தால் அப்பா முகம் கொடுத்துப் பேசுவாரா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை மக்கா, கார் இருக்கையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆமாம், உன் அப்பா கார் வாங்குகிறார். எதிர் வீட்டு டாக்டர் முத்துநாயகம் போன வருஷம் கார் வாங்கிய நாளிலிருந்தே நம் வில்வண்டியில் ஏறினால் உன் அப்பாவுக்கு இடுப்பு வலிக்கத் தொடங்கிவிட்டது. திருவனந்தபுரத்திலிருந்து ஏஜெண்டு வந்து படப் புத்தகத்தை விரித்து, என்ன நிறம், என்ன விளக்கு, எப்படிப்பட்ட ஹாரன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் மளமளவென்று பதில் சொன்ன மனிதர், இருக்கை தோலில் வேண்டுமா துணியில் வேண்டுமா என்று கேட்டதும் அப்படியே நின்றுவிட்டார். டாக்டர் கார் தோல், அதனால் தோல்தான் வேண்டும், ஆனால் துணி அதைவிட உசத்தியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். ஏஜெண்டும் விவரமான ஆள், வகைக்கு ஒரு மாதிரித் துண்டு என்று இரண்டைக் கையில் கொடுத்து, நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்று போய்விட்டார். தோல் செம்மண் நிறம், துணி எலி நிறம், இரண்டும் என் உள்ளங்கை அகலம்தான். கார் வர ஈஸ்டர் ஆகிவிடுமாம், ஆனால் டிரைவர் இப்போதே வந்தாயிற்று. கிருஷ்ணமணி என்று பெயர், ஒல்லியான நல்ல பிள்ளை, காலையில் வந்து முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டு, இல்லாத காரைக் காத்துக்கொண்டிருக்கிறான்.

அந்த இரண்டு துண்டுகளை வைத்து உன் அப்பா செய்த சோதனைகளை நீ நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. இரண்டையும் முற்றத்து வெயிலில் வைத்துத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். துணியின்மேல் கருப்பட்டிக் காப்பியை ஊற்றி, கறை போகிறதா என்று பார்ப்பதற்குள் எறும்பு வந்து மொய்த்துவிட்டது. தோலைக் காலையில் காப்பிக்கு முன்னால் ஒரு தரம் மோந்து பார்ப்பார், ராத்திரி ஜெபம் முடிந்து ஒரு தரம். பளபளப்பு கூடுமா என்று அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவினார், தடவியதை நாற்காலியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து பார்த்தார், உட்கார்ந்தது கோயிலுக்குப் போக உடுத்திய வெள்ளை வேட்டியோடு. அன்றைக்குக் காணிக்கைப் பை எடுப்பது அவர் முறை. சபை டீக்கனாரான உன் அப்பா பெஞ்சு பெஞ்சாகப் பக்தியோடு குனிந்து பையை நீட்டிக்கொண்டு போகிறார், பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சதுரமாக எண்ணெய்க் கறை. பின்னால் இருந்த பெண்கள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார்கள். நான் மூடவில்லை, எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பி வருவதற்கு முன் அந்த இரண்டு துண்டுகளும் வந்துவிடும். கோட்டாற்று நெல் வியாபாரி சுயம்புலிங்கம், அப்பாவின் கூட்டாளி, உனக்குத்தான் தெரியுமே, தோலைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஓய், இது மாட்டுத் தோலுல்லா, இதுல இருந்துக்கிட்டு நான் சுசீந்திரத்துக்குச் சாமி கும்பிடப் போவவா, என்று கேட்டார். போன ஐப்பசி வரைக்கும் அந்தக் கோயில் தேரைத் தூரத்தில் நின்று பார்த்த மனிதர், எல்லாரும் போகலாம் என்று அரண்மனை விளம்பரம் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் அவருக்கும் ஆசாரம் வந்துவிட்டது. அப்பாவுக்கோ சுயம்புலிங்கத்தைக் காரில் ஏற்றிக்கொண்டு கோட்டாற்றுக் கடைத்தெரு முழுவதும் சுற்ற வேண்டும், அதனால் அன்றைக்குத் துணி ஜெயித்தது. அடுத்த ஞாயிறு உன் நேசம்மாள் மாமி, அப்பாவின் அக்காள், டாக்டர் காரில் வீடு திரும்பினாள். ஆராதனை முடிகிறவரை கார் உச்சி வெயிலில் நின்றிருக்கிறது, மாமி தோல் இருக்கையில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, எனக்க ஏசுவே என்று போட்ட சத்தத்தில், கோயில் வாசலில் நின்றவர்கள் அவளுக்கு ஆவி இறங்கிவிட்டதென்று நினைத்துவிட்டார்கள். துணிதான் என்று இத்தோடு முடிவாகிவிடும் என்று நான் நினைத்தேன். ஆனால் வெந்துபோன மாமியே தோலுக்காகப் பேசத் தொடங்கினாள்.

போன புதன்கிழமை சாயங்காலம் அப்பாவும் மாமியும் துண்டுகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள், நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன். மாமி சொல்கிறாள், தம்பி, சூட்டுக்கு ஒரு துண்டை விரிச்சுக்கிடலாம், துணிண்ணா ஆரு இருந்தாலும் அவியளுக்க வாடை அதுல பிடிச்சுக்கிடும், தோலுண்ணா ஈரத்துணி எடுத்து ஒரு தொட தொடச்சா போச்சு, நாளைக்கு நம்ம காருல ஆராரு ஏறுவாவளோ, என்று. ஆரை நினைச்சுச் சொல்லுதிய மதினி என்று கேட்டேன். அவள் அப்பாவைப் பார்த்தாள், அப்பா கையிலிருந்த தோலைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார், பயலுக்குத் தூத்துக்குடிக்குக் கார் போவும், அந்தப் பிள்ளய அவளுக்க ஆளுவ வந்து பஸ்ஸில கூட்டிக்கிட்டுப் போவட்டும், அப்பிடியே ஒரு நாள் ஏறிட்டாலும்... என்று தோலைக் கட்டைவிரலால் ஒரு தரம் துடைத்துக் காட்டினார். கேட்டாயா மக்கா, வயிற்றுப் பிள்ளையோடு கடல் தாண்டி வருகிறவள் பஸ்ஸில், என் மகன் மட்டும் காரில், அவள் தப்பித்தவறி உட்கார்ந்துவிட்டால் துடைக்கத் தோல்.

நான் கீரையைக் கீழே வைத்துவிட்டேன். அவள் தாத்தா செருப்புத் தைத்தவர் என்றுதானே மகன் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை, அவர் கையால் தைத்த செருப்பைத்தான் இந்த வீட்டில் எல்லாரும் காலில் போட்டு நடந்தோம், அவள் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், அவளும் டிரெயினிங் முடித்த டீச்சர், அதெல்லாம் உங்கள் கண்ணில் படவில்லை, தோல் தொட்ட குடும்பம் ஆகாது என்றால் தினமும் காப்பிக்கு முன்னால் நீங்கள் மோந்து பார்க்கிறது என்ன, வாழையிலையா என்று கேட்டேன். உன் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் சொன்ன பதிலைக் கேள், அது வேற தோலுட்டி, இது சீமத் தோலு, என்றார். சீமையில அந்த மாட்டை உரிச்சது ஆரு, சபை டீக்கனா என்று கேட்டேன். மாமி எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்தக் காலத்தில் தோளில் துணி போட்டதற்காகச் சந்தையில் வைத்து மேல்சாதிக்காரர்கள் நம் பெண்களின் துணியை இழுத்துக் கிழித்தார்களே, அதில் ஒருத்தி உன் அப்பாவின் அப்பாவைப் பெற்றவள். சபைக் கூட்டத்தில் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இவருக்குக் கண் கலங்கும், கேட்கிறவர்களுக்கும் கலங்கும். அதையும் சொன்னேன், நாடே கோயில் கதவைத் திறந்துவிட்டது, நீங்கள் கார்க் கதவை ஆள் பார்த்துத் திறக்கிறீர்கள் என்றும் சொன்னேன். அன்று ராத்திரி ஜெபத்தில் என் நாக்குக்காகத் தனியாக ஒரு விண்ணப்பம் செய்தார்.

சனிக்கிழமை ஏஜெண்டு பதில் கேட்டு வந்தார். சீமையில் பெரிய ஆட்கள் என்ன வைக்கிறார்கள் என்று அப்பா கேட்டார். அங்கே பெரிய பிரபுக்கள் காரில் முன்னால் டிரைவர் இருக்கிற இருக்கை தோல், பின்னால் எஜமான் இருக்கிற இருக்கை துணி, என்றார் ஏஜெண்டு. அந்த நேரத்தில் உன் அப்பா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், இத்தனை நாளும் டிரைவர் இருக்கையையா மோந்து பார்த்தோம் என்று அதில் எழுதியிருந்தது. முன்வாசலில் இருந்த கிருஷ்ணமணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆனால் அப்பாவுக்கு உடனே ஒரு வழி தோன்றிவிட்டது, அடுப்படிக்கே வந்து சொன்னார், முன்னால தோலு, பின்னால துணி, பின்னால நாம இருப்போம், சுயம்புவுக்கும் கொறயில்ல, அவ முன்னால தோலுல இருக்கட்டும், ஏறப்பிடாதுண்ணு நான் சொல்லல்லியே. பஸ்ஸிலிருந்து காருக்கு ஏற்றிவிட்டாராம், அந்தப் பெரிய மனசுக்கு நான் நன்றி சொல்வேன் என்று நின்றார். நான் சொன்னேன், ரொம்ப நல்லது, முன்னால் டிரைவர் போக இரண்டு பேர் இருக்கலாம், கிருஷ்ணமணியும் ஒல்லி, ஒரு இடம் ஞானபாய்க்கு, ஒரு இடம் எனக்கு. தூத்துக்குடிக்கும் அப்படித்தான், கோயிலுக்கும் அப்படித்தான், அவள் தாய் வீட்டுத் தெருவுக்கும் அப்படித்தான், பின்னால் உள்ள துணியில் நீங்களும் உங்கள் அக்காளும் தாராளமாகச் சாய்ந்து வாருங்கள் என்று. டீக்கனார் பெண்சாதி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போகிறாள் என்று ஊர் பேசுமே என்றார். பேசட்டும், ஏன் என்று கேட்டால் நான் விவரமாகச் சொல்வேன் என்றேன். அதுதான் அவருக்குச் சுட்டது. ஏஜெண்டை இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார், என்னோடு பேச்சும் இல்லை.

இன்று கோயிலுக்குப் போய் வந்து, அவர் படுத்திருக்கிறார் என்று நினைத்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதும்போது வந்து கதவோரம் நின்றார், பயலுக்கா எழுதுத என்று கேட்டார், ஆமாம் என்றேன். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, ஏட்டி, அந்தப் பிள்ளைக்கு வண்டியில வந்தா வாந்தி வருமாண்ணு கேட்டு எழுது, வயித்துப் பிள்ளக்காரி, தூத்துக்குடியிலேந்து அவ்வளவு தூரம் வரணும், முன்னால இருந்தா குலுக்கும், பின்னாலயே இருக்கட்டும், துணிண்ணா நாறிப் போவும், பேசாம ரெண்டு பக்கமும் தோலாட்டே போட்டுருவோம், என்றார். நீங்களே கேட்டு எழுதுங்களேன் என்று பேனாவை நீட்டினேன், போய்விட்டார். இதைக் கொண்டு உன் அப்பா திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதே. அவர் கவலை மருமகளைப் பற்றியா இருக்கையைப் பற்றியா என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை, பாதிக்குமேல் இருக்கைதான் என்று நினைக்கிறேன். ஆனால் இந்த இரண்டு வருஷத்தில் அவளைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி இது, அதை வீணாக்க எனக்கு மனசில்லை.

கப்பலில் அவளை மேல்தளத்துக் காற்றில் உட்கார வை, எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும், பாரம் எதையும் தூக்க விடாதே, நீயும் ஆபீஸ் ஆபீஸ் என்று சாப்பாட்டை விடாதே. கூட்டி வரலாமா என்று இனிமேல் கேட்காதே, கூட்டி வா. கர்த்தர் உங்கள் இருவரையும், அவள் வயிற்றில் இருக்கிறதையும் காத்து, கரையேற்றி என் கண்ணில் காட்டட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. அந்தக் கேள்விக்குப் பதிலை நீ எழுதக்கூடாது, எனக்கும் எழுதக்கூடாது. ஞானபாய் தன் கையால், அப்பா பெயருக்கு, அன்புள்ள மாமாவுக்கு என்று தொடங்கி எழுத வேண்டும். வண்டியில் வாந்தி வராதவளாக இருந்தாலும் வரும் என்று எழுதச் சொல்.

இப்படிக்கு,
உங்கள் வழியைப் பார்த்திருக்கும் அம்மா
லீலாபாய்