அலமாரிச் சாவி

மார்ச் 4

அன்புள்ள வாண்டுவுக்கு,

அப்பா எழுதுவது. நலமாக இருக்கிறேன், கொஞ்சம் அதிகமாகவே. சட்டைப் பொத்தான் இரண்டு என்னிடம் சொல்லாமல் வேலையை விட்டுவிட்டன.

உனக்குக் கிட்னி கொடுக்க நான் பொருத்தம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "எண்பத்தஞ்சு கிலோவுக்கு வாங்க, அப்புறம்தான் ஆபரேஷன்" என்று டாக்டர் சொன்னாரே, அன்றிலிருந்து பேய் மாதிரி தின்கிறேன். பயம் வந்தால் ஊரில் எல்லாரும் நகத்தைக் கடிப்பார்கள். உன் அப்பன் பிஸ்கட்டைக் கடிக்கிறான், பாக்கெட் பாக்கெட்டாக. அம்மா வேலைக்குப் போன நேரம் பார்த்து ஒரு முழு ரொட்டியை நின்றபடியே முடித்தேன். ருசிகூடத் தெரியவில்லை.

அதனால் சமையலறை அலமாரிக்கு நல்ல பூட்டாகப் போட்டுவிட்டேன். முப்பது வருஷமாகப் பூட்டுக்கடை வைத்திருப்பவன் என் வாய்க்கு ஒன்று போடக் கூடாதா? ஒரு சாவி அம்மாவிடம். இன்னொன்று இத்துடன் உனக்கு. கெஞ்சினாலும் தராதே.

எடை எண்பத்தெட்டு. இன்னும் மூன்றே கிலோ. நீ டயாலிசிஸைத் தவறவிடாதே.

உன் அப்பா


மார்ச் 13

அன்புள்ள அப்பா,

சாவி வந்தது. மேசை விளக்கில் மாட்டியிருக்கிறேன். போனில் என்றால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள், அதனால் நானும் எழுதுகிறேன்.

நர்ஸ் அக்கா போனில் கூப்பிட்டார். போன வாரம் ஆஸ்பத்திரியில் உங்கள் எடை தொண்ணூற்றிரண்டாம். கணக்கு டீச்சரான என்னிடமே பொய்க்கணக்கா? அம்மாவிடம் இருந்த சாவியைத் திருடினீர்களா?

உங்கள் மகள்


மார்ச் 19

வாண்டு,

திருட்டா? என் தொழிலைக் கேவலப்படுத்தாதே. கம்பியால் திறந்தேன். முதல் நாள் நாலு நிமிஷம், மறுநாள் ரெண்டே நிமிஷம். பூட்டைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. தின்றுவிட்டு மறுபடி பூட்டியும் வைத்தேன், ஒரு மரியாதைக்கு. தொங்கும் பூட்டைப் பார்த்து அம்மா, "பரவாயில்லையே, கட்டுப்பாடா இருக்கீங்களே" என்றாள். அந்த வெட்கத்திலேயே அரை கிலோ கேக் உள்ளே போயிற்று.

சிரித்துவிடு, கண்ணு. குறைத்துவிடுவேன்.

அப்பா


மார்ச் 27

அப்பா,

சிரிப்பு வரவில்லை. நேற்று மெஷினோடு நாலு மணி நேரம் படுத்திருந்தபோது ஒன்று தோன்றியது. கேட்கத் தயக்கம். கேட்காமலும் இருக்க முடியவில்லை. "வேண்டாம்மா" என்று வாய்விட்டுச் சொல்ல முடியாமல்தான் இப்படிச் சாப்பிடுகிறீர்களா? அப்படியென்றால் சொல்லிவிடுங்கள். கோபப்பட மாட்டேன். வெளியாள் கிட்னிக்குப் பெயர் பதிந்து காத்திருக்கலாம் என்கிறார்கள். கொடுக்காவிட்டாலும் நீங்கள் என் அப்பாதான்.

சாவியைத் திருப்பி அனுப்புகிறேன். உங்களுக்குக் காவல் இருக்க எனக்குத் தெம்பில்லை.

மகள்


ஏப்ரல் 3

என் கண்ணு,

உன் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "உண்மையைச் சொல்லுங்க, கத்திக்குப் பயமா?" என்றாள்.

கத்தி கிடக்கட்டும். கொடுக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் உன் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளாமல் போய்விட்டால்? கொடுக்க என்னிடம் இன்னொன்று இல்லையே. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் கால் தானாக அலமாரிப் பக்கம் போகிறது. இதை அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தால், பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் அதே பயம்தாங்க" என்றாள். இத்தனை நாள் ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம்.

அன்றைக்கே அலமாரிக் கதவைக் கழற்றிவிட்டேன். கை அரித்தாலும் திறக்க ஒன்றுமில்லை. இப்போது அம்மா எதிரில் தட்டில் போட்டுத்தான் சாப்பாடு. முந்தாநாள் மறுபடி தவறினேன், பதினாலு பிஸ்கட். ஒளிக்கவில்லை, இதோ உனக்கே எழுதிவிட்டேன். இதற்கென்றே ஒரு டாக்டர் இருக்கிறாராம். செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் போகிறோம்.

எடை தொண்ணூற்றொன்று. நர்ஸிடம் கேட்டுக்கொள்.

சாவியை மறுபடி அனுப்புகிறேன். இப்போது அதற்குப் பூட்டே இல்லை. விளக்கில் அந்த இடம் காலியாக இருக்குமே என்றுதான். நீ வெளியாளுக்கும் பதிந்து வை, தப்பில்லை. என் பெயரை மட்டும் அடித்துவிடாதே.

வருகிறேன், கொஞ்சம் மெதுவாக.

அப்பா