முதல் படி ராகி

என் அன்பான அத்தைக்கு,

கடன் முடிந்துவிட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். ஈஸ்டர் முடிந்த வாரமே கடைசிக் காசையும் கொண்டுபோய் அந்த தனராஜிடம் கொடுத்துவிட்டோம். எச்சில் தொட்டு இரண்டு தடவை எண்ணினான். நிலப் பத்திரத்தை உங்கள் மகன் கையில் கொடுத்துவிட்டு, "தோத்திரம், கர்த்தர் ஆசீர்வதிப்பாரு"ன்னான். ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவன் இவன் என்கிறேன் என்று கோபிக்காதீர்கள். நீங்கள் உயிரோடு இருந்தவரை உங்களுக்காக அவர் இவர் என்றேன். இப்போது என்னைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

தண்ணிக்குப் போர் போட வாங்கிய ஒரு லட்சம். முதல் போரில் புகைதான் வந்தது, இரண்டாவதில் நாலு மாசம் தண்ணி வந்து நின்றுபோனது. பாங்க்குக்குப் போகலாம் என்று நான் சொன்னபோது, "நம்ம சபைக்காரன், பைபிள் மேல கை வெச்சு குடுக்கறான், ஏமாத்தவா போறான்"ன்னு நீங்கள்தான் சொன்னீர்கள். ஏமாற்றவில்லை. நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டியைச் சொன்னது சொன்னபடி வாங்கிக்கொண்டான். மாதம் மூவாயிரம், மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும்.

நாம் பட்டதெல்லாம் உங்களுக்கே தெரியும். பசுவைக் கடத்தூர் சந்தைக்கு ஓட்டிப்போனோம். கிறிஸ்துமசுக்குப் புதுத்துணி எடுக்காமல் பழசையே இஸ்திரி போட்டு உடுத்தினோம். நான் அதியமான்கோட்டை ரோட்டோர ஓட்டலில் வெங்காயம் உரித்தேன். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. காணிக்கை நேரம்தான் பெரிது. அவன் சபைப் பொருளாளர், காணிக்கைப் பையை அவனேதான் தூக்கிக்கொண்டு வருவான். பையை நீட்டிவிட்டு நம் கையைப் பார்ப்பான். நோட்டாக இருந்தால், "காணிக்கைக்கு இருக்குது, வட்டிக்கு இல்லையாங்க?" என்று வெளியே வந்து கேட்பான். சில்லறையாக இருந்தால் சிரிப்பான். அதற்காகவே நீங்கள் விரலை இறுக்கி மூடி, கையைப் பைக்குள் முழுசாக விட்டுப் போடுவீர்கள். அந்த மூடிய கையைப் பக்கத்தில் நின்று எத்தனை ஞாயிறு பார்த்திருப்பேன்!

அந்த அறுப்புப் பண்டிகையை மட்டும் மறக்க முடியவில்லை. நம் நிலத்தில் விளைந்த ராகியில் முதல் படியை நீங்கள்தான் கோயிலுக்குக் கொண்டுபோனீர்கள். படைத்த காய், கோழி எல்லாவற்றுக்கும் முன்னால் முதல் படி ராகிதான் ஏலத்துக்கு வரும், அதை எடுப்பது வூட்டுக்கு ஒரு பெருமை. கொடுத்ததை நாமே எடுக்கலாம் என்ற ஆசையில் எழுந்து நூறு ரூபாய் என்று கேட்டீர்கள். மைக் அவன் கையில்.

"மொதல்ல பழைய பாக்கிய குடுங்க சாராளம்மா, அப்புறமா ஏலம் கேளுங்க."

சனம் சிரித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து கூட. நீங்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தீர்கள். அடுத்த ஞாயிறிலிருந்து வாசலோரக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டீர்கள். சாகும்வரை அங்கேதான். அந்த பெஞ்சுக்கு உங்களை அனுப்பியவனை என்ன செய்யலாம் என்று நான் வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். கண்ணில் தண்ணி வருவதற்குக் காரணம் சொல்லவேண்டிய அவசியம் இல்லாத வேலை அது.

இனி இந்த வருசக் கதையைக் கேளுங்கள்.

கடன் முடிந்த பிறகும் அந்த மூவாயிரத்தை மாதாமாதம் எடுத்து வைத்தேன், அவனுக்கே கட்டுவதுபோல. மறுபடியும் பசு வாங்க என்று உங்கள் மகன் நினைத்துக்கொண்டார். ஆறு மாதத்தில் பண்டிகை வந்தது. பதினெட்டாயிரத்தையும் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் சொருகிக்கொண்டு போனேன்.

புதுசாக வந்திருக்கும் பாஸ்டர் கொஞ்சம் கறாரானவர். ஏலத்துக்கு முன்னால் போன வருச ஏலப் பாக்கியை வாசிக்கச் சொன்னார். முதல் பெயரே தனராஜ். முதல் படி ராகி, ஆறாயிரம். "குடுத்துடலாங்க, எங்க ஓடிப்போவப் போறேன்"னு சிரித்தான். இது நான் எதிர்பார்க்காத வரம்.

ராகி வந்தது. நான் ஐந்நூறு என்றேன். திரும்பிப் பார்த்துவிட்டு ஆயிரம் என்றான். நான் விடவில்லை, அவனும் விடவில்லை. ஐயாயிரம் தாண்டியதும் கோழிக் கூண்டுப் பக்கம் நின்றிருந்த ஆண்கள்கூட உள்ளே வந்துவிட்டார்கள். உங்கள் மகன் வந்து குனிந்து, "எஸ்தரு, வாணாம். மறுபடியும் கடனுல வுழுந்துருவோம். அம்மா பட்டது போதாதா?" என்றார். அம்மா பட்டதற்காகத்தான் என்று சொல்ல நேரமில்லை. பதினேழாயிரம் என்றான் அவன். பதினெட்டாயிரம் என்றேன். அதற்கு மேல் என்னிடம் ஒரு ரூபாய் கிடையாது.

"இருவதாயிரம். எம்பேருல எழுதிக்கங்க, அடுத்த வாரம் குடுத்துடறேன்."

நான் எழுந்து நின்றேன். மைக் இல்லை, தேவையும் படவில்லை.

"மொதல்ல பழைய பாக்கிய குடுங்கண்ணா, அப்புறமா ஏலம் கேளுங்க."

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு கேட்டது. அன்று உங்களைப் பார்த்துச் சிரித்த அதே குரல். பாஸ்டர், "அவங்க கேக்கறது நாயந்தானுங்களே" என்றார். அவன் சட்டைப் பையைத் தடவினான், "வூட்டுல இருக்குது" என்றான், எழுந்து போனான். பைக் சத்தம் போனது, திரும்பி வரவில்லை. கேட்ட விலைக்கே எனக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொரு நோட்டாக மேசைமேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணினேன்.

"பைத்தியமா உனக்கு, ஒரு படி ராகிக்கு?" என்று திட்டிக்கொண்டேதான் வந்தார் உங்கள் மகன். ஆனால் படியை என்னிடம் தரவில்லை. சிந்தாமல் இரண்டு கையிலும் ஏந்தி வூடு வரைக்கும் அவரே கொண்டுவந்தார்.

களி கிண்டினேன். ருசியில் ஒன்றும் அதிசயம் இல்லை, வழக்கமான களிதான். இரண்டு உருண்டை தின்றேன்.

இப்போது பொருளாளர் வேறு ஆள். காணிக்கைப் பை தூக்கக் கமிட்டியில் என்னையும் போட்டிருக்கிறார்கள், பின்வரிசைகள் எனக்கு. அங்கே வாசலோரக் கடைசி பெஞ்சில், உங்கள் இடத்தில், யார் உட்கார்ந்திருக்கிறான் தெரியுமா? போன ஞாயிறு அவன் முன்னால் பையை நீட்டினேன். அவன் விரலை இறுக்கி மூடி, கையைப் பைக்குள் முழுசாக விட்டான். நான் அந்தக் கையைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவனும் பார்த்தான்.

இனித்தது அத்தை, பொய் சொல்ல மாட்டேன். பையோடு பீடத்துக்கு நடக்கும்போதுதான் உங்கள் கை நினைவுக்கு வந்துவிட்டது. நீங்களாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள், இல்லையா?

ஒரு சத்தியம் செய்து தருகிறேன். இந்த வூட்டு வாசப்படிக்குள் இனி ஒரு ரூபாய் கடன் வராது. போரில் தண்ணியே வராவிட்டாலும், வானம் பார்த்து ராகி மட்டும் விதைப்போமே தவிரக் கை நீட்ட மாட்டோம். அவனை மன்னிப்பதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அது வரும்போது வரட்டும். வருகிற ஞாயிறும் பை என் கையில்தான் இருக்கும். நான் பார்ப்பேன்.

பாக்கி எதுவும் இல்லாத வூட்டிலிருந்து,
உங்கள் மருமகள்
எஸ்தர்